எர்த் இல்லாத வீடு

மின்சாரக் காரில் சத்தமே இருக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், எத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்று தெரியும். இத்தனை வருடமும் பெட்ரோல் எஞ்சின் முன்னால் உறுமிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மூடி மறைத்து வந்திருக்கிறது. அது போனதும் டாஷ்போர்டுக்குள் ஏதோ கிளிப் அடித்துக்கொள்வது, பின்கதவுப் பிளாஸ்டிக் கிரீச்சிடுவது, சீட் பெல்ட் கொக்கி தூணில் தட்டுவது, டயர் தாரில் உரசுவது எல்லாம் தனித்தனியாகக் காதில் விழ ஆரம்பிக்கும். வேகம் எண்பதைத் தாண்டினால் கண்ணாடி விளிம்பில் காற்று விசிலடிக்கும். என் காரில் இடது பக்கம் எங்கோ ஒரு 'டிக் டிக்' இருக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் "நாங்க ஓட்டிப் பாத்தோம் மேடம், அப்படி ஒண்ணும் கேக்கலையே" என்று திருப்பித் தந்தார்கள். பெண்கள் சொல்கிற வலிக்கு மருத்துவமனைகளில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் இந்த ரகம்தான் என்பதால் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. மின்சாரக் காரின் விலையில் பெரிய பங்கு அடியில் படுத்திருக்கும் பேட்டரிக்குப் போய்விடுகிறது. நடுத்தரச் சம்பளக்காரர்கள் கடனில் வாங்கக்கூடிய விலையில் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் வேறு எங்காவது கை வைத்தாக வேண்டும். கதவைத் தட்டினால் தகர டப்பாச் சத்தம். பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் நகம் நுழையாது. ஸ்டெப்னி கிடையாது, அந்த இடத்தில் பங்சர் ஒட்டும் பசையும் ஒரு சின்ன காற்றடிக்கும் இயந்திரமும் வைத்துத் தருகிறார்கள். என்னுடையது பெட்ரோல் வண்டிக்கென்று வரைந்த உடம்பில் பேட்டரியைப் பொருத்திச் செய்தது. அதனால் இல்லாத புகைக்குழாய்க்காகப் பின்சீட்டின் நடுவில் ஒரு மேடு இன்னமும் இருக்கிறது, நடுவில் உட்காருகிறவர் காலை அகட்டித்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். பதிலுக்குக் கிடைத்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து அந்த வேகத்தைத் திரும்ப மின்சாரமாக்கிக்கொள்கிறது, பிரேக் தேய்வதே இல்லை. ஆயில் மாற்றும் வேலை இல்லை. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் ஓடுகிறது. கிளட்ச் இல்லாததால் மாதவிடாயின் இரண்டாம் நாளில் திருச்சி பாலக்கரை நெரிசலில் ஓட்டினாலும் இடுப்பு கழன்று போவதில்லை. கடைசியாகச் சொன்னது எந்த விளம்பரத்திலும் வராது.

சீட் விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் நாலடி பதினொரு அங்குலம். ஓட்டுநர் இருக்கையை உயர்த்தும் நெம்புகோல் விலை கூடிய ரகத்தில்தான் உண்டு. ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி எந்த ரகத்திலும் இல்லை. ஆகவே தலையணை போட்டு, மிதிக்கு எட்டும்வரை முன்னால் தள்ளி உட்காருகிறேன். ஏர்பேக் இருக்கும் இடத்துக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே 25 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், எனக்கு அவ்வளவு இல்லை. மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகளாக உட்காரவைக்கப்பட்ட பொம்மை சராசரி அமெரிக்க ஆணின் உடம்பு. பெண் பொம்மை என்று இருந்ததும் அதே ஆண் உருவத்தைச் சுருக்கியதுதான், இடுப்போ கழுத்தோ பெண்ணுடையதாக இல்லை. பின்னாலிருந்து மோதினால் சராசரிப் பெண் உடல் என்ன ஆகும் என்று சோதிக்க ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பொறியியலாளரின் குழு அதற்கென்றே ஒரு பொம்மையை உருவாக்கியது 2022 வாக்கில்தான். கார் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

ஷோரூமில் முதல் நாள் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" கடன் என் பெயரில், என் சம்பளச் சான்றிதழில், ஏழு வருடத்துக்கு. அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறேன். மோட்டாரின் முறுக்குவிசை என்ன, பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கெல்லாம் அந்தத் தம்பி என் இணையரைப் பார்த்தே பதில் சொன்னான். அவரோ ஒரு குடுவையில் இருந்த சாக்லேட்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் அந்தத் தம்பி தீர்ப்பு போலச் சொன்னது இது: "லேடீஸுக்கு இது தாராளமாப் போதும் மேடம். ஸ்கூல், மார்க்கெட், கோயில். லாங் எல்லாம் நீங்க எங்க போகப் போறீங்க?"

இந்த வசனத்துக்கு நூற்றுப் பத்து வயது. 1910களில் அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் தெருவில் சாதாரணமாக ஓடின. பெட்ரோல் காரை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், உதறினால் மணிக்கட்டு முறியும். மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை, புகை இல்லை, கையில் எண்ணெய் படாது. ஆகவே அதைப் பெண்களின் வண்டி என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஊரெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார். ஒரு சார்ஜில் கொஞ்ச தூரம்தான் போகும் என்பது குறையாகவே தோன்றவில்லை, பெண் போகக்கூடிய தூரமே அவ்வளவுதானே என்ற நினைப்பில். தூரம் வேண்டுமென்ற ஆண்களுக்குப் பெட்ரோல் வண்டி. சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் கார்களில் வந்தபின் கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்தது. பெட்ரோல் விலை, நல்ல சாலைகள், மலிவான ஃபோர்டு கார் எல்லாம் சேர்ந்துகொள்ள, சீக்கிரமே மின்சாரக் கார் மறைந்துபோனது. வண்டி போனாலும் அந்த வசனம் மட்டும் சாகாமல் திருச்சி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நான் லாங் போகத்தான் வாங்கினேன். அறந்தாங்கிக்கு அருகில் ஒரு கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். என் வீட்டிலிருந்து அவர் வாசல் வரை 90 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இரண்டு மாறி, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோவோ யாராவது தெரிந்த பையனின் பைக்கோ வேண்டும். இணையரின் காரில் போகலாம், அவருக்கு லீவு இருந்தால், மாமியார் வீட்டில் விசேஷம் இல்லாதிருந்தால், மறுநாள் விடியுமுன் திரும்பிவிட்டால். அப்பா 2016இல் போனபிறகு நான் அம்மாவோடு சேர்ந்தாற்போல் இரண்டு இரவு தங்கியது ஐந்து முறை இருக்கும்.

வண்டி கையில் வந்தபின்னும் ஒரு தடங்கல். கார்களில் இப்போது ஒரு சிம் கார்டு இருக்கிறது, செயலி வழியாகச் சார்ஜ் எவ்வளவு, கதவு பூட்டியிருக்கிறதா, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். வெயிலில் நிற்கும் காரை ஏறுமுன்பே குளிர வைக்கலாம். நல்ல வசதி. ஷோரூமில் அதை இணையரின் எண்ணில் பதிந்துவிட்டிருந்தார்கள். நான் பள்ளியிலிருந்து கிளம்பினால் அவர் கைபேசிக்குச் சேதி போனது. முதல் முறை தனியாக அம்மாவைப் பார்க்கப் போனபோது போன் செய்தார். "புதுக்கோட்டையில என்ன அரை மணி நேரமா நிக்குற? வண்டியில ஏதும் பிரச்சனையா?" அக்கறையோடு கேட்டார் என்று எனக்குத் தெரியும். பிருகதாம்பாள் கோயில் தெருவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததே எனக்கு உறுத்தியது. நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அதையும் கார் போட்டுக்கொடுத்துவிட்டது. எண்ணை மாற்றித் தரச் சொன்னால், முதலில் பதிந்தவரின் ஒப்புதல் வேண்டும், அவர் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும் என்றார்கள். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருப்பதைக் காட்டினேன். கணினி ஏற்காது என்றார்கள். ஓ.டி.பி.யை இணையர் உடனே தந்தார். தராத ஓர் ஆளோடு வாழும் பெண்ணுக்கு இந்த வண்டி என்னவாக இருக்கும் என்று அன்றிரவு யோசித்தேன்.

அம்மாவிடம் காரைக் காட்டியபோது அவர் முதலில் செய்தது குனிந்து அடிப்பக்கம் பார்த்ததுதான். "சைலன்ஸர் இல்லையாத்தா?" பிறகு உள்ளே ஏறி, சீட்டைத் தடவி, கதவைச் சாத்தி, "கதவு கொஞ்சம் லேசாத்தான் இருக்கு" என்றார். வண்டியின் கட்டுமானத்தைப் பற்றி என் அம்மா பேசினால் நான் கேட்டுக்கொள்வேன். அவருக்கு அந்தத் தகுதி உண்டு.

1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்து கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்று முனைந்தார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் மணியடித்தபடி சைக்கிளில் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் என் அம்மா இருந்தாரா என்று கேட்டால், "அன்னைக்கு உனக்குக் காய்ச்சல்" என்பார். ஆனால் அந்த வருடம் கற்றுக்கொண்டார், முப்பத்து மூன்று வயதில், ராத்திரி நேரத்தில், களத்து மேட்டில். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்தது ஜென்ட்ஸ் சைக்கிள். சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை கிடையாது, ஏறி இறங்கக் குறுக்குக் கம்பி இடைஞ்சல். ஆனால் அந்தக் குறுக்குக் கம்பியில்தான் பிள்ளையை உட்கார வைக்க முடிந்தது, அதற்காகவே பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். அம்மா ஒரு பழைய துண்டைக் கம்பியில் சுற்றி என் தம்பியை உட்காரவைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, மூன்று கிலோமீட்டர் தூரத்திலிருந்த ரேஷன் கடைக்குப் போவார். யாருக்காகவோ செய்த ஒரு பொருளைத் தனக்கேற்ற மாதிரி துணி சுற்றிப் பழக்குவது எங்கள் வீட்டில் பழைய வழக்கம். என் சீட்டில் கிடக்கும் தலையணையும் அம்மா தைத்ததுதான்.

இப்போது சார்ஜ் கணக்குக்கு வருகிறேன். காகிதத்தில் என் கார் 315 கிலோமீட்டர் ஓடும். ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் இருநூறைத் தொடுவதே பெரிது. போக 90, வர 90. திரும்பி வரும்போது விமான நிலையம் தாண்டும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். வழியில் சார்ஜ் போடலாமே என்பீர்கள். போட்டிருக்கிறேன். ஒரு உணவகத்தின் பின்புறம், கழிவறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் அந்த இயந்திரம் இருக்கும், மேலே விளக்கு இருக்காது. பெட்ரோல் போட ஐந்து நிமிடம், இதற்கு ஒரு மணி நேரம். இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் காரில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நான்கு பேராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். பாதிப் பேர் நிஜமாகவே "மைலேஜ் எவ்வளவு மேடம்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். மீதிப் பாதி யார் என்று கண்ணாடியை இறக்காமல் தெரியாது. சாலையோரச் சார்ஜரை எங்கே வைப்பது என்று திட்டமிடுகிறவர்கள் மின்கம்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் எங்கே இருக்கிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரே வழி, அம்மா வீட்டில் இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது. வண்டியோடு தந்த சார்ஜர் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டுவது. காலியிலிருந்து நிறைய எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். மோட்டாருக்காக அப்பா போட்டுவைத்த பெரிய பிளக் கொல்லைப் பக்கச் சுவரில் இருந்தது. மாட்டினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கழற்றி மாட்டினேன். மறுபடி சிவப்பு. கையேட்டில் பார்த்தால்: எர்த் இல்லை.

மின்சாரக் காரின் பிடிவாதங்களில் இது பெரிய பிடிவாதம். வீட்டிலுள்ள டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் எதுவும் எர்த் இருக்கிறதா என்று கேட்காது. கார் கேட்கும். ஆயிரத்துக்கு மேல் எடையுள்ள இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் தொடுகிறவர் போய்விடுவார் என்பதால், சரியான எர்த் இல்லாத பிளக்கில் அது ஒரு சொட்டு மின்சாரத்தைக் கூட வாங்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைத்தான் நடத்துகிறேன். கருவியின் உலோக உடம்பிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குப் போக வேண்டும். உள்ளே கசிவு வந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்கு ஓடிவிடும், ஃபியூஸ் போகும். கம்பி இல்லையென்றால் கரண்ட் காத்திருக்கும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு யார் வந்து தொடுகிறார்களோ அவர் வழியாக மண்ணுக்குப் போகும்.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தான். எங்கள் வீட்டு எர்த் கம்பி அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருந்தது. இரும்புக் குழாய், மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடும், அதுவே எர்த். பிறகு பஞ்சாயத்துக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். கம்பி அப்படியே பிளாஸ்டிக் குழாயில் சுற்றிக் கிடந்தது. சோதனை பல்பின் ஒரு முனையை ஃபேஸிலும் இன்னொரு முனையை எர்த்திலும் வைத்தான். மின்மினி அளவுக்குக் கூட எரியவில்லை.

"அதான் ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குதா?" என்றார் அம்மா, ஏதோ வெயில் அதிகம் என்று சொல்வது போல.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் நாலைந்து வருடமாக. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் திறப்பாராம். கிரைண்டர் அதற்கும் முன்பிருந்தே. அரசு கொடுத்த இலவச கிரைண்டர், 2011க்குப் பிறகு தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு மிக்ஸியும் மின்விசிறியும் சேர்த்து வந்தது. அதன் மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய முள்தான் எர்த். சமையலறை பிளக் பழைய இரண்டு துளை என்பதால் அந்தப் பெரிய முள்ளை யாரோ குறட்டால் ஒடித்துவிட்டிருந்தார்கள். மாவு அள்ளும்போது கை ஜிவ்வென்று இழுக்குமாம். சுவிட்சை அணைத்துவிட்டு, பலகை மேல் நின்று அள்ளுவாராம். "சொன்னேன்த்தா, உங்க அப்பாகிட்டயும் சொன்னேன், தம்பிகிட்டயும் சொன்னேன். செருப்பு போட்டுக்கிட்டாச் சரியாப் போச்சுன்னாங்க." எங்கள் சமையலறைக்குள் ஆண்கள் வந்து கிரைண்டரைத் தொட்டதில்லை. தொட்டவர் சொன்னதற்கு மதிப்பு இல்லை. பன்னிரண்டு வருடமாக அம்மா சொல்லி நடக்காதது, ஒரு கார் சிவப்பு விளக்குப் போட்டதும் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டான்.

அவன் ஒரு குறுக்கு வழி சொன்னான். "அக்கா, பிளக்குக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் லூப் அடிச்சு விட்டுர்றேன். அம்பது ரூவா வேலை. பச்சை லைட் வந்துரும்." வரும். கார் ஏமாந்துவிடும். ஆனால் என்றாவது கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் ஒயர் அறுந்தால், அந்த லூப் வழியாகக் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். விஷயம் தெரியாத ஒருவர் சாணி கரைத்த ஈரக் கையோடு கதவைத் தொட்டால் போதும். இந்த லூப்பைப் போட்டு ஓட்டும் வீடுகள் நிறைய இருக்கின்றன என்று அவனே சொன்னான். தோழிகளே, உங்கள் வீட்டுக்கு யாராவது இதைச் செய்ய வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குழி தோண்டியாக வேண்டும். எட்டடி ஆழம், துளையிட்ட ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும், உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும். எங்கள் பக்கம் செம்மண்ணும் சரளையும், கோடையில் எலும்பாக உலர்ந்துவிடும். ஆகவே ஈரம் முக்கியம். கோயம்புத்தூரிலிருக்கும் தம்பிக்குத் தகவலுக்காகத்தான் போன் செய்தேன்.

"எதுக்குக்கா இப்ப அதெல்லாம்? வீட்டை இடிச்சுக் கட்டுறப்ப மொத்தமாப் பாத்துக்கலாம். நீ மாசத்துல ஒரு நாள் வந்து போறதுக்குக் கொல்லையைத் தோண்டணுமா? வீட்டுல கை வைக்கிறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அன்பான பையன்தான். அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறான். அவன் வாயில் 'வந்து போறது' என்ற சொல் எவ்வளவு இயல்பாக வந்தது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவன் வீட்டுக்காரன், மாதம் ஒரு முறை வருகிறவள் விருந்தாளி.

அது கண்டக்டர் வேலை பார்த்து அப்பா கட்டிய வீடு. உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்றது. கல்யாணமான மகளுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் இல்லை. கல்யாணமாகாதவளோ கைவிடப்பட்டவளோ விதவையோ என்றால்தான் பிறந்த வீட்டில் இடம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. இந்த 23ஆவது பிரிவு மட்டும் 2005 வரை உட்கார்ந்திருந்தது, அந்த வருடத்துத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போய் இருபது வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பிரிவைப் படித்ததில்லை. படிக்காமலே எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருந்தது, கொஞ்சம் எனக்கும்.

தம்பியிடம் சட்டம் பேசவில்லை. "அம்மாவுக்கு கிரைண்டர்ல பன்னெண்டு வருஷமா ஷாக் அடிக்குதுடா. கார் எனக்கு. குழி அம்மாவுக்கு. கேக்கல, சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "செலவு எவ்வளவு, நான் பாதி தர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன்.

எங்கே தோண்டுவது என்பதை அம்மா முடிவு செய்தார். எலெக்ட்ரீஷியன் சுவரோரம் என்றான், ஒயர் மிச்சமாகும். அம்மா துவைகல்லுக்குப் பக்கத்தைக் காட்டினார். "தினமும் துணி தொவச்ச தண்ணி இங்கதான் போவும். நீ சொல்ற ஈரம் தானா இருக்கும்ல?" மண்ணின் மின்தடையைப் பற்றி நான் எழுதிப்போட்டிருக்கும் எந்தச் சமன்பாட்டிலும் துவைகல் வராது. அங்கேயே தோண்டினோம். பைப், கரி, உப்பு, கூலி, வீடு முழுக்க புது எர்த் ஒயர், மூன்று துளை பிளக்குகள், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம். இந்த ஆர்.சி.சி.பி. என்பது 30 மில்லி ஆம்பியர் அளவு கரண்ட் வழி தவறிப் போனாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். அந்தியில் சோதனை பல்பை வைத்தபோது பளீரென்று எரிந்தது. காரை மாட்டினேன், பச்சை.

மறுநாள் காலை அம்மா மாவரைக்க கிரைண்டரைப் போட்டதும் வீடே அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. "உன் குழி சரியில்லையே" என்றார். குழி சரியாகத்தான் இருந்தது. இதுவரை அம்மாவின் உடம்பில் இறங்கியது எல்லாம் இப்போது கம்பி வழியாக மண்ணுக்குப் போக, சுவிட்ச் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மோட்டாரின் சுற்றுக் கம்பி ஈரம் இறங்கிப் பழுதாகியிருந்தது. மாற்றிவிட்டோம். அன்றைக்கு இட்லி இல்லை, உப்புமாதான்.

கார் இன்னும் பல விதமாக வேலை காட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் பள்ளி வாசலில் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 74 சதவீதம் இருந்தது. ஆனால் அதன் இணைப்பை மூடிக் காரை உயிர்ப்பிக்க, சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று வேண்டும். அது செத்துவிட்டால் பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தும் பயனில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்து, வேதியியல் டீச்சரின் பெட்ரோல் காரிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருத்தி நோட்டில் வரைந்தும் கொண்டாள். போனில் சொன்னதற்கு அம்மா, "குதிரு நெறைய நெல்லு இருக்கு, சாவி தொலஞ்சு போச்சு" என்றார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அம்மா வீட்டு மின் இணைப்பு அப்பா பெயரிலேயே இருக்கிறது, அனுமதித்த பளு ஒரு கிலோவாட். அந்தக் காலத்தில் நாலு பல்பும் ஒரு ஃபேனும் இருந்தபோது எழுதியது. கார் சார்ஜருக்கு மட்டுமே மூன்று கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். பளுவைக் கூட்ட வேண்டுமானால் முதலில் பெயரை மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழும் மூன்று பேர் கையெழுத்தும். படிவத்தில் 'இணைப்பு யார் பெயரில்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை நான் எழுதினேன். அம்மா தன் இனிஷியலை அப்பா பெயரில் போடுவதா, தாத்தா பெயரில் போடுவதா என்று ஒரு நாள் யோசித்து, அறிவொளியில் கற்றுக்கொண்ட கையெழுத்தில் இனிஷியல் இல்லாமலே போட்டுவிட்டார். என் கையெழுத்தும் ஆயிற்று. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. தம்பி பொங்கலுக்கு வருகிறான்.